தானத்து மாட்டின் பல்லும் திரையின் முகமும்

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்த்தல் தகாது என்பது நம்மவரிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. கொடுப்பவன் மனங்கோணாதிருத்தல் வேண்டும், பெறுபவன் நன்றி மறவாதிருத்தல் வேண்டும் என்னும் நற்கருத்துக்கள் இரண்டும் அதனுள் அடங்கியிருத்தலின், பொதுவாக அதனை யாம் மறுப்பவரல்லேம். ஆயினும் கடல்கடந்து வாழும் பழைய மாணவர்களிடமிருந்து பாடசாலைகளுக்கு வந்துசேரும் ஒரு பொருளைக் குறித்து மாத்திரம் அப்பழமொழியைச் சற்றே ஒதுக்கிவைத்தல் வேண்டுமென இவ்விழா மலரின் வாயிலாகக் கூறத் துணிகின்றோம். அப்பொருள் திரை. நாடக மேடைத் திரையன்று. வகுப்பறைச் சுவரிலே மாட்டப்படும் தொலைக்காட்சித் திரையும், கணினித் திரையும், தொட்டு எழுதும் பெருந்திரையுமே யாம் ஈண்டுக் கருதுவன.

வல்வெட்டித்துறையின் மக்கள் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் ஒஸ்லோவிலும் மெல்பேணிலும் பரந்து வாழ்கின்றனர். தாம் கற்ற வகுப்பறையையும், அமர்ந்த வாங்கையும், அதிபரின் பிரம்பையும் அவர்கள் மறந்தாரல்லர். தம் வீட்டிலே புதியதொரு தொலைக்காட்சி வாங்கிய மறுநாள், பழையதை என் செய்வது என்னும் எண்ணம் எழும்போது, அவர்தம் நெஞ்சிலே முதலில் தோன்றுவது கல்லூரி அன்னையின் முகமே. இது போற்றத்தக்கதோர் உணர்ச்சி. ஆனால் அவ்வுணர்ச்சியோடு கப்பலேறிவரும் பொருள் எத்தகையது என்பதை ஆராய்வார் அரியர். அனுப்புவோர் ஆராய்வதில்லை; ஏற்போர் ஆராய அஞ்சுவர்; இருந்து பார்க்கும் மாணவனை வினவுவாரே இலர்.

வடமராட்சிப் பாடசாலையொன்றிலே யாம் கண்டதைக் கூறுவோம். வெளிநாட்டிலே உணவுக்கடை ஒன்றின் முகப்பில் விலைப்பட்டியல் காட்டிக்கொண்டு பல்லாண்டு நின்ற திரை அது. கடை புதுப்பிக்கப்பட்டபோது கழற்றப்பட்டு, அன்பளிப்பாக இங்கு வந்து விஞ்ஞான அறையிலே இடம்பெற்றது. வண்ணப்படம் ஓடும்போது குறையொன்றும் தெரியவில்லை. ஆசிரியர் வெண்ணிறப் பின்னணியில் இரசாயனச் சமன்பாடொன்றைக் காட்டியபொழுதோ, அச்சமன்பாட்டின் பின்னே சாம்பல் நிறத்தில் கட்டங்கட்டமாகப் பழைய பட்டியலின் நிழல் எழுந்தது. கூர்ந்து நோக்கினால் எண்களும் தெரிந்தன. கொத்துறொட்டியின் விலையோ, குளிர்பானத்தின் விலையோ, யாம் அறியோம். பின் வாங்கிலிருந்த பிள்ளைகள் சிலர் அந்நிழல் எண்ணைச் சமன்பாட்டின் குணகமென்று கொண்டு கொப்பியில் எழுதியிருந்தனர். நகைப்பிற்கிடமான செய்திதான், ஆனால் அப்பிள்ளைகளுக்கு அது நகைப்பன்று.

இங்ஙனம் ஒரே உருவம் நெடுநேரம் நின்றதனால் திரையிலே நிலையாகப் படிந்துவிடும் வடுவை ஆங்கிலத்தில் பேர்ன்-இன் என்பர். நாம் அதனை நிழற்படிவு என்று வழங்குவோம். இஃது இன்று நேற்றுத் தோன்றிய நோயன்று. பழைய கண்ணாடிக் குழாய்த் திரைகளிலே, இலத்திரன் கற்றை ஓயாது தாக்கிய இடத்து ஒளிர்பொருட் பூச்சு தன் ஒளிவிடும் ஆற்றலை இழந்து கறுத்தது. வங்கிகளிலும் விமான நிலையங்களிலும் அணைத்து வைத்த திரையிலும் எழுத்துக்கள் தெரிந்தமை மூத்த வாசகர் சிலருக்கு நினைவிருக்கலாம். கணினியிலே சும்மா இருக்கும் நேரத்தில் மீன்களும் விண்மீன்களும் நீந்தும் படங்கள் புகுந்ததும் இந்நோயைத் தடுக்கவே. அழகு பின்னர் வந்து ஒட்டிக்கொண்டது. அதன்பின் வந்த பிளாஸ்மாத் திரைகளும் இந்நோய்க்கு ஆளாயின. அவற்றைப் பெரு நிறுவனங்கள் 2014 ஆம் ஆண்டளவில் செய்வதை விட்டன.

இக்காலத்துத் திரைகள் பெரும்பாலும் இருவகைப்படும். திரவப் பளிங்குத் திரையாகிய எல்.சி.டி. ஒருவகை, இதன் பின்னே விளக்குகள் எரிய, முன்னேயுள்ள பளிங்குப் படலம் அவ்வொளியை விட்டும் தடுத்தும் உருவங் காட்டும். எல்.ஈ.டி. தொலைக்காட்சி என்று கடைகளில் விற்கப்படுவதும் இதுவே. விளக்கின் பெயரைத் திரைக்கு இட்டு வழங்குகின்றனர். மற்றையது ஓலெட். கொடாக் நிறுவனத்தைச் சேர்ந்த சிங் டாங், ஸ்ரீவன் வான் ஸ்லைக் என்னும் அறிஞர் இருவர் 1987 இல் வெளியிட்ட ஆராய்ச்சியினின்றும் கிளைத்த இவ்வகையில், ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்வது. தானே ஒளிர்வதாகையால் தானே மூப்பெய்துவதும் அதற்கு இயல்பு. அதிகம் ஒளிர்ந்த புள்ளி அதிகம் தேயும். அருகிலுள்ள புள்ளி தேயாதிருக்கும். அவ்வேறுபாடே நிழலாகத் தோன்றும். செம்மை, பசுமை, நீலம் என்னும் மூன்றும் ஒரே வேகத்தில் தேய்வதுமில்லை. எல்.சி.டி. திரையிலும் ஒரே படம் நெடுநேரம் நின்றால் உருவம் தங்கும். ஆயின் அது பெரும்பாலும் பளிங்குப் படலத்தில் மின்னேற்றம் தேங்குவதால் வருவது. சில மணி நேரம் வேறு படம் ஓடினாலோ ஓர் இரவு அணைந்திருந்தாலோ தேறிவிடும். கடைமுகப்பிலே இரவும் பகலும் ஆண்டுக்கணக்கில் நின்றது மாத்திரம் எளிதில் தேறாது.

இதற்குச் சான்றாகக் கனடாவிலே, நம்மவர் வாழும் நாட்டிலேயே, நிகழ்ந்த சோதனை ஒன்றுண்டு. மொன்றியல் நகரிலுள்ள ஆர்ட்டிங்ஸ் என்னும் பரிசோதனை நிறுவனம் 2018 இல் ஒரே வகையான ஓலெட் தொலைக்காட்சிகள் ஆறினை வரிசையாக நிறுத்தி, நாளொன்றுக்கு 20 மணி நேரம் வீதம் வெவ்வேறு நிகழ்ச்சிகளை ஓடவிட்டது. சி.என்.என். செய்தி அலைவரிசையை உச்சத் துலக்கத்திலே காட்டிய திரையிற் செய்திப்பட்டியும் இலச்சினையும் விரைவிற் படியத் தொடங்கின. நிலைத்த உருவம் மிகாது பலவகைப் படங்களைக் காட்டியவை நெடுங்காலம் தெளிவாக நின்றன. ஆகவே திரையின் வயதை மட்டும் கேட்டல் போதாது. அஃது எதனைப் பார்த்துக்கொண்டு வயது போக்கிற்று என்பதையும் கேட்டல் வேண்டும். தாத்தாவும் பாட்டியும் வீட்டிலிருக்க, காலை தொட்டு நள்ளிரவுவரை ஒரே தமிழ்ச் செய்தி அலைவரிசை ஓடிய திரையாயின், அதன் அடிப்புறத்தே சிவப்புப் பட்டி ஒன்று குடியேறியிருக்குமோ என்று ஐயுறுதல் குற்றமாகாது.

இனி, ஒளிச் சமமின்மை. இது நிழற்படிவினும் நுண்ணிய தீங்கு. எல்.சி.டி. திரையின் பின்விளக்குகள் ஓரத்தில் மாத்திரம் வைக்கப்பட்டு ஒளியை ஒரு தகடு பரப்புவதும் உண்டு. முதுகு முழுவதும் கீற்றுக் கீற்றாக விளக்குகள் ஒட்டப்படுவதும் உண்டு. கீற்றிலே ஒரு விளக்கு செயலிழந்தால் அவ்விடத்தே இருட்டுத் திட்டு விழும். விளக்கின் மேலுள்ள சிறு வில்லை பசை விட்டுக் கழன்றால், அதற்கு மாறாக, வெள்ளைப் பொட்டொன்று கண்ணைக் குத்தும். சட்டம் முறுகினாலோ, பெட்டியில் படுக்கவைத்து மேலே சுமை ஏற்றினாலோ, மூலைகளில் மேகம் போல ஒளி கசியும். கடற்கரை ஊராகிய நமக்கு இன்னுமொன்று: உப்புக்காற்று உலோகத் தொடுப்புக்களை அரிக்க வல்லது, அங்கே நன்றாயிருந்த திரை இங்கே இரண்டு வாடைக்காற்றுப் பருவத்தின் பின் அவ்வாறே இருக்குமென்று எவரும் பிணை நிற்க முடியாது.

நுண்ணிய தீங்கு என்றது ஏன்? மனிதக் கண்ணின் இயல்பே காரணம். ஒளியும் இருளும் ஒரு கோட்டிலே சட்டென்று சந்திக்குமாயின் கண் அதனை மிகைப்படுத்திக் காட்டும். 1865 இல் ஏண்ஸ்ற் மாக் என்னும் ஒஸ்திரிய அறிஞர் இதனை விளக்கினார். உயர்தர வகுப்பு மாணவர் மாக் பட்டைகள் என்று கேள்விப்பட்டிருப்பர். ஆனால் ஒளி மெல்ல மெல்லக் குறைந்து செல்லுமாயின் அதே கண் ஏமாந்துவிடும். நடுவினின்றும் மூலைவரை மூன்றிலொரு பங்கு ஒளி குறைந்த திரையையும் நாம் நன்றென்றே கொள்வோம். ஆசிரியர் திரைக்கு அண்மையில், நேரே நிற்பவர்; அவருக்குக் குறை தோன்றாது. கடைசி வாங்கின் ஓரத்திலே, யன்னல் வெளிச்சத்துக்கு எதிரே இருக்கும் பிள்ளைக்கோ, இருண்ட மூலையிலுள்ள ஒரு சய அடையாளமும் சக அடையாளமும் ஒன்றாகவே தோன்றும். தசமப் புள்ளி மறைந்தே போகும். அப்பிள்ளை எழுந்து, ‘சேர், தெரியவில்லை’ என்று சொல்லுமா? சொல்லாது. தன் கண்ணே பழுதென்று எண்ணிப் பேசாதிருக்கும். இதுவே எமது கவலையின் மூலம். உடைந்த வாங்கு தானே தன் குறையைப் பறைசாற்றும். மங்கிய திரை தன் குறையைப் பிள்ளையின் மேல் ஏற்றிவிடும்.

சோதிப்பது கடினமோவெனின், அன்று. கருவி வாங்க வேண்டியதில்லை. கணினியிலே படவில்லைகள் ஆக்கத் தெரிந்த எம்மாணவனும் ஒரு நாழிகைக்குள் எட்டு வெறும் படங்களை ஆக்கிக்கொள்ளலாம்: முழுக் கறுப்பு, நூற்றுக்கு 5 அளவினதாகிய கருஞ்சாம்பல், 20 அளவினது, 50 அளவினது, முழு வெள்ளை, பின் தனிச் சிவப்பு, தனிப் பச்சை, தனி நீலம். எழுத்தோ கோடோ அவற்றில் இருத்தலாகாது. திரையைக் குறைந்தது அரைமணி நேரம் எரியவிட்டுச் சூடேறிய பின், அந்தி சாய்ந்ததும் யன்னல்களைச் சாத்தி, மின்குமிழ்களை அணைத்து, ஒவ்வொன்றாகக் காட்டல் வேண்டும். அதற்கு முன்பு மின்சாரச் சிக்கனம், அறை வெளிச்சத்துக்கேற்பத் துலக்கத்தைத் தானே மாற்றுதல், இருளை இன்னும் இருளாக்குதல் முதலாய தானியங்கு ஏற்பாடுகள் யாவற்றையும் நிறுத்திவிடுக. இவை குறையை மறைக்கும் போர்வைகள். விற்பவர் திரையை உச்ச வண்ணத்தில் வைத்துக் கிரிக்கெற்றும் சினிமாப் பாட்டும் காட்டுவதன் இரகசியமும் இதுவே. ஓடும் படத்தில் எந்த வடுவும் ஒளிந்துகொள்ளும். அசையாத சாம்பல் நிறத்தின் முன் ஒளிய இடமில்லை.

கருஞ்சாம்பலிலே மேகத் திட்டுக்களும் செங்குத்துப் பட்டைகளும் தெரியும். கறுப்பிலே மூலைக் கசிவு தெரியும். நடுச்சாம்பலிலும் வெள்ளையிலும் நிழற்படிவும் மங்கிய மூலையும் தெரியும். தனி நிறங்களிலோ, வெள்ளையில் நழுவிப்போன வடுவும் பிடிபடும், ஏனெனில் சிவப்புப் பட்டியினால் தேய்ந்தது சிவப்புப் புள்ளியே. அதனைச் சிவப்பின் முன்னன்றி வேறெங்கும் தெளிவாகக் காண்டலரிது.

கண் பார்வையைக் கொண்டே சோதிப்பதாகையால் இரண்டு மயக்கங்களை விலக்கிக்கொள்ளல் வேண்டும். மூலை இருண்டு தோன்றினால் உடனே திரையைக் குறைகூறாது, அம்மூலைக்கு நேரே சென்று நின்று மீண்டும் நோக்குக. இருள் நம்மோடு நகர்ந்து எதிர் மூலைக்குச் செல்லுமாயின் அது பார்க்கும் கோணத்தினால் விளைந்தது. அங்கேயே நிற்குமாயின் அது திரையின் குறை. கோணத்தால் விளைவதையும் அற்பமென்று தள்ளிவிடாதீர். வகுப்பில் எல்லாரும் நடுவில் அமர்வதில்லை. மற்றையது கைத்தொலைபேசியாற் படமெடுப்பதில் வருவது. கமராவின் வில்லையே மூலைகளை இருட்டாக்கும் இயல்புடையது. ஆதலின் ஒளியளவைப் பூட்டிவைத்து ஒரு படம் எடுத்து, பின் திரையை வைத்தவாறே விட்டுக் கமராவை மாத்திரம் பக்கவாட்டில் நகர்த்தி இன்னொன்று எடுக்குக. திட்டு இரண்டிலும் திரையின் அதே இடத்தில் இருந்தால் அதனை நம்பலாம். படத்திலே மட்டும் கிடைக்கோடுகளாக ஓடும் பட்டைகள் பின்விளக்கின் துடிப்பாலும் வரக்கூடும். அவற்றைக் கொண்டு தீர்ப்புக் கூறுதல் ஆகாது.

நிழல் ஏதும் தெரிந்தால் உடனே தள்ளிவிடவும் வேண்டாம். இரண்டு மூன்று மணி நேரம் அசையும் படம் ஓட்டி, ஓரிரவு அணைத்து வைத்து, மறுநாள் மீண்டும் அதே சாம்பல் நிறத்தைக் காட்டிப் பார்க்குக. மறைந்தால் அது தங்கல், மறையாவிடின் வடு.

அளந்து காண விரும்புவோர்க்கு அமெரிக்க மருத்துவப் பௌதிகவியலாளர் சங்கம் 2005 இல் வெளியிட்ட அறிக்கை ஒரு வழிகாட்டியாகும். எக்ஸ்கதிர்ப் படங்களைப் பார்க்கும் மருத்துவத் திரைகளுக்காக எழுதப்பட்டது அது. நடுவிலும் நான்கு மூலைகளிலுமாக ஐந்து இடங்களில் ஒளியை அளந்து, மிகக் கூடியதற்கும் மிகக் குறைந்ததற்கும் உள்ள வேறுபாட்டை அவ்விரண்டின் சராசரியால் வகுத்தால், அது நூற்றுக்கு 30 இனை மிஞ்சலாகாது என்பது அதன் விதி. நடுவில் 200, ஒரு மூலையில் 140 என்று வந்தால் வேறுபாடு 60, சராசரி 170, வகுக்க நூற்றுக்கு 35 ஆகின்றது, அத்திரை தேறாது. அலகு எதுவாயினும் கவலையில்லை, வேண்டுவது விகிதமே. ஆகையால் தொலைபேசியிலுள்ள ஒளியுணரியின் மேல் கறுப்புக் கடதாசிக் குழலொன்றைப் பொருத்தித் திரையோடு ஒட்டிவைத்து அளந்தாலும் போதிய அளவு பயன்படும். மருத்துவர்க்கு வகுத்த விதி பள்ளிக்கூடத்துக்கு எதற்கு என்று சிலர் கேட்கலாம். வைத்தியர் ஒருவர் ஐயம் தோன்றினால் படத்தை நகர்த்திப் பெருக்கிப் பார்ப்பார். பிள்ளைக்கு அவ்வுரிமை இல்லை. எனவே இவ்விதி எமக்கு மிகையாகத் தோன்றவில்லை.

இவ்வேலை உயர்தரப் பௌதிகவியல் மாணவர்க்கும் தகவல் தொழினுட்ப மாணவர்க்கும் உரியதாதல் வேண்டும் என்பது எம் கருத்து. ஓர் ஆசிரியர் மேற்பார்க்க, இருவர் சோதிக்க, ஒருவர் பதிவேட்டில் எழுதுக. ஒளியியலை நூலிற் படிப்பதினும் இதனால் அவர் கற்பது அதிகம்.

நம்மூருக்கு ஆராய்ந்து கொள்ளல் புதியதுமன்று. வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்ட அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல், வில்லியம் அல்பேட் றொபின்சன் என்னும் அமெரிக்கரால் வாங்கப்பட்டு, புளோரன்ஸ் சி. றொபின்சன் எனப் பெயர்மாறி, 1938 இல் அமெரிக்காவின் குளோஸ்ரர் துறைமுகத்தை அடைந்த வரலாற்றை நாம் பெருமையோடு கூறிக்கொள்கின்றோம். பலகைச் சந்துகளை விரலாற் தடவிப் பாராது எந்தத் தண்டையலும் பாய் விரித்ததில்லை. இன்றும் தைப்பொங்கலன்று உதயசூரியன் கடற்கரையிலே பட்டத் திருவிழாவுக்கு வரும் இளைஞரைப் பாருங்கள். முச்சை ஒரு நூலளவு பிசகினாலும் பட்டம் ஒருபக்கம் சரியுமென்று, காற்றிலே விடுமுன் எத்தனை முறை தூக்கிப் பிடித்துப் பார்க்கின்றனர்! விளையாட்டுப் பொருளுக்குள்ள மதிப்பு கல்விப் பொருளுக்கு இல்லையாவென்று கேட்கத் தோன்றுகின்றது.

இருந்தும் ஏன் எவரும் சோதிப்பதில்லை? திரையின் சட்டத்திலே ஒட்டப்படும் பெயர்த்தகடே காரணம் என்போம். இன்னார், இன்ன ஆண்டு மாணவர், தம் தந்தையார் நினைவாக அன்பளித்தது என்று பொறித்தபின், அதனைப் பழுதென்பது அத்தந்தையாரையே பழுதென்பது போலாகிவிடுகின்றது. அதிபருக்கும் ஓர் அச்சமுண்டு: இதனைத் திருப்பினால் அடுத்த ஆண்டு கூரைக்கு வரவேண்டிய பணம் நின்றுவிடுமோ என்பது. அவ்வச்சத்தை யாம் எள்ளி நகையாடமாட்டோம். பாடசாலை நடத்துவோர்க்கே அதன் பாரம் தெரியும். ஆகையால் சோதனையைப் பெறுமிடத்தில் வைக்காது அனுப்புமிடத்திலேயே வைத்தல் நன்று. கப்பலேற்றுமுன் ரொறன்ரோவிலோ இலண்டனிலோ உள்ள பழைய மாணவர் சங்கக் கிளை மேற்கூறிய எட்டுப் படங்களையும் காட்டிப் பார்த்துவிட்டால், எவர் முகமும் கோணாது. அங்கேயே குறை கண்டால் உரிமையாளரே சிரித்துக்கொண்டு விட்டுவிடுவார். பெயர்த்தகடு சோதனைக்குப் பின்னரே பொறிக்கப்படுக.

‘ஒன்றுமில்லாத இடத்தில் மங்கிய திரையேனும் இருக்கட்டுமே’ என்பார் சிலர். 1990 இன் பின் ஆண்டுக்கணக்கில் மின்சாரமின்றி, விளக்கொளியிற் படித்துப் பரீட்சை எழுதிய தலைமுறையைச் சேர்ந்தவர் இவ்வாறு கூறினால் அதன் பின்னேயுள்ள வேதனையை யாம் மதிக்கின்றோம். ஆயினும் அத்தலைமுறையிடம் ஒரு கரும்பலகை இருந்தது, அதிலே நிழலில்லை, மூலைவரை ஒரே கறுப்பு. மங்கிய திரை வந்து மாட்டப்படும்போது பல இடங்களில் கரும்பலகை கழற்றப்படுகின்றது. ஒன்றுமில்லாத இடத்திற்கு ஒன்று வருகிறதென்பது மெய்யன்று. நல்லதொன்றின் இடத்திற்குத் தீயதொன்று வருகின்றது.

செலவுக் கணக்கையும் பாராதிருத்தலாகாது. கொள்கலனில் இடம், பெட்டி கட்டுதல், சுங்கம், துறைமுகத்திலிருந்து வண்டி என யாவும் கூட்டினால், அத்தொகைக்குச் சற்று மேலே இட்டு யாழ்ப்பாணத்திலேயே உத்தரவாதத்துடன் புதிய திரை வாங்கிவிடலாம் என்னும் நிலை பலகால் வரும். அளவிற் சிறியதாயிருக்கலாம், ஆனால் மூலைவரை ஒளிரும். அப்படியும் அனுப்புவோர் பின்புறத்தே ஒட்டியுள்ள சிட்டையையும் படித்தல் வேண்டும். வட அமெரிக்காவில் வீட்டு மின்சாரம் 120 வோல்ற்று, இங்கே 230. இரண்டையும் ஏற்பவையும் உள, ஏலாதவையும் உள. பெருந்திரைகளை நிறுத்தியே கட்டுக, படுக்கவைக்கலாகாது. புதிது வாங்குவோர் உத்தரவாதப் பத்திரத்தில் நிழற்படிவு விலக்கப்பட்டிருக்கின்றதாவென்று பார்த்தபின் கையொப்பமிடுக, பெரும்பாலும் விலக்கப்பட்டேயிருக்கும்.

கொடுப்பவர்க்கு இவ்வளவு கூறிய யாம் கல்லூரிக்கும் ஒன்று கூறாவிடின் நடுநிலை பிறழ்ந்தவராவோம். முன்மண்டபத்துத் திரையிலே காலை முதல் மாலை வரை கலைமகள் படமும் கல்லூரி இலச்சினையும் அசையாது காட்டப்படுதல் பல பாடசாலைகளில் வழக்கமாகியுள்ளது. பக்தி நன்றே. ஆனால் அத்திரை ஓலெட் ஆயின், ஓராண்டிரண்டில் இலச்சினை அதிலே நிரந்தரமாகப் படிந்து, பரிசளிப்பு விழாவன்று ஓடும் ஒவ்வொருவர் முகத்திலும் முத்திரை குத்தும். படத்தை மாற்றி மாற்றிக் காட்டுக, துலக்கத்தைத் தாழ்த்துக, இடைவேளையில் அணைக்குக. நேரசூசியைத் திரையில் விட்டுவிட்டு வீட்டுக்குச் செல்லுதல் கூடாது.

அணைப்பதிலும் ஒரு நுட்பமுண்டு. பெரும்பாலோர் இதனை அறியார். ஓலெட் தொலைக்காட்சிகள் பல, ஏறக்குறைய நான்கு மணி நேரம் ஓடியபின் தூரவியக்கியால் அணைக்கப்பட்டதும், சில நிமிடங்கள் தாமாகவே புள்ளிகளை அளந்து தேய்மானத்தைச் சரிசெய்துகொள்ளும் ஏற்பாடுடையன. சுவரிலுள்ள ஆளியிலே மின்சாரம் நின்றுவிட்டால் அவ்வேலை நடைபெறாது. நமது பாடசாலைகளிலோ பிற்பகல் மணி அடித்ததும் காவலாளி முதலிற் செய்வது அறைக்கு அறை சென்று ஆளிகளை நிறுத்துவதே. அவர் கடமை தவறவில்லை. மின்கட்டணத்துக்கும் இடிமின்னலுக்கும் அஞ்சிச் செய்கின்றார். திரையை அணைத்து ஒரு கால்மணி நேரம் கழித்து ஆளியை நிறுத்தும்படி அவருக்குச் சொல்லிவைத்தால் இரண்டும் நிறைவேறும்.

சோதனையில் தேறாத திரைகளை என் செய்வது என்னும் வினா எஞ்சி நிற்கின்றது. ஏற்கெனவே மாட்டப்பட்டவற்றுள் மங்கலானவற்றை வகுப்பறையினின்றும் அகற்றி, விளையாட்டுப் போட்டிகளின் ஓடும் படங்களைக் காட்டும் இடத்திற்கு மாற்றலாம். அங்கே நிழல் எவரையும் பிழைபடச் செய்யாது. எவ்விதத்தும் உதவாத எல்.சி.டி. திரையொன்றைப் பௌதிகவியல் ஆய்வுகூடத்துக்குக் கொடுக்கலாம். அதன் முகத்திலும் பளிங்குப் படலத்தின் பின்னும் ஒட்டியுள்ள தாள்கள் ஒளியை முனைவாக்குவன. முன்தாளை மெல்ல உரித்தெடுத்தால் திரை முழுவதும் வெறும் வெண்மையாகத் தோன்றும். உரித்த தாளைக் கண்ணின் முன் பிடித்தால் மறைந்த படம் மீண்டும் வெளிப்படும். தாளைச் சுழற்றினால் படம் தலைகீழ் நிறத்தில் மாறும். முனைவாக்கத்தை இதனினும் தெளிவாகக் காட்டும் பரிசோதனை குறைவு. மின்வழங்கிப் பலகையிலுள்ள கொள்ளளவிகள் இணைப்பை அறுத்த பின்னும் மின்னேற்றம் தாங்கியிருக்கும். பழைய திரைகளின் குழல் விளக்குகளில் இரசமுமுண்டு. ஆதலின் ஆசிரியர் உடனிருந்தே திறத்தல் வேண்டும்.